கட்டுக்கடியில் ஒளிக்காதே

கண்ணு, போன ஞாயிறு ஞானஸ்நானம் எடுத்தாய். இந்தத் திங்கள் பனியன் கம்பெனியில் கைமடிக்கப் போகிறாய். இரண்டு வழியிலும் நான் தவறித் தவறி நடந்தவன். கேட்டுக்கொள்.

1. பயத்தில் இரண்டு உண்டு. ஒன்று ஒளியச் சொல்லும். மற்றது ஓடி வரச் சொல்லும். ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்த புதிதில், ஒரு பீஸில் கத்தி பட்டுத் துணி வெட்டுப்பட்டது. திட்டுக்குப் பயந்து அதைக் கட்டுக்கடியில் செருகினேன். கத்தி நகர்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் பார்த்தால் கட்டு முழுக்க வெட்டு. “அப்பவே கொண்டு வந்திருந்தா ஒரு பீஸோட போயிருக்குமே தம்பி” என்றார் செக்கிங் அக்கா. ஆதாமும் இப்படித்தான் மரங்களுக்குள் ஒளிந்தான். கர்த்தருக்குப் பயந்தால் அவரிடமே ஓடு.

2. யாரும் பார்க்காத இடத்தில்தான் தெய்வபயம் தெரியும். பின்னாளில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தேன். மழை பெய்யும் ராத்திரிகளில் கழிவுநீரைத் திறந்துவிடச் சொல்வார்கள், திறந்தேன். மழையோடு மழையாகப் போய்விடும் என்று நினைத்தேன். நொய்யல் ஆறு எதையும் மறைக்கவில்லை. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. சுற்றுவட்டாரத்தில் வயலும் கிணறும் கெட்டன. சனி ராத்திரி வால்வு திறந்த அதே கையை ஞாயிறு காலை நற்கருணைக்கு நீட்டியிருக்கிறேன், கண்ணு. நீ அப்படி நீட்டாதே.

3. செய்த தப்பு பெரிது என்று வாசலிலேயே நின்றுவிடாதே. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வேலை போனது, ஜெபிக்கவும் வாய் வரவில்லை. இஸ்ரவேலில் ஆறு அடைக்கலப் பட்டணங்கள் இருந்தன; கைதவறிக் கொன்றவனுக்கே அங்கே பாதுகாப்பு. “நான் தெரிந்தே செய்தேனே ஐயரே, எனக்கு எந்தப் பட்டணம்?” என்று போதகரிடம் அழுதேன். அவர் பலிபீடத்தின் மேலிருந்த சிலுவையைக் காட்டினார். தெரிந்து செய்தவனுக்கும் திறந்திருக்கிற வாசல் அது ஒன்றுதான். அன்று உள்ளே போனவன், இன்னும் வெளியே வரவில்லை.

4. அடைக்கலம் என்றால் அடி விழாது என்று எண்ணாதே. மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். இரண்டே வருஷத்தில் அங்கிருந்த டேனியத் தளபதியே அவரைச் சிறையில் போட்டார். சுமார் நான்கு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்து, விட்ட வேலையைத் தொட்டார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஆண்டவருக்குப் பயந்தவனுக்குத் தளபதியும் ஒரு மனுஷன்தான். உன் சூப்பர்வைசரும் அப்படியே. அவருக்கு மரியாதை கொடு. பொய்க்கணக்கு எழுதச் சொன்னால் மட்டும் தலையாட்டாதே.

5. நாள் கணக்கை நாளிலேயே தீர். சம்பளம் சனிக்கிழமை வரலாம். மன்னிப்புக்குச் சனிக்கிழமை வரை காத்திருக்காதே. படுக்குமுன் அன்றைய கட்டைப் பிரித்து அவர்முன் வை. இந்த வயதிலும் என் கட்டில் ஒரு கெட்ட பீஸாவது இருக்கிறது. எடுத்து மேலே வைக்கிறேன். அப்புறம்தான் தூங்குகிறேன்.