பயணத்திற்கு முன்

ஆல்பர்ட் சுவைட்சர் ஆப்பிரிக்காவில் ஆற்றிய மருத்துவத் தொண்டினைப் பலரும் அறிவர். அதற்காக அவர் முன்னரே பட்ட பாட்டினை அறிந்தோர் சிலரே. ஸ்திராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த அவர், 1905ஆம் ஆண்டில், தம் 30ஆம் வயதில், அங்கேயே மருத்துவ மாணவராக அமர்ந்தார். தாம் பாடஞ்சொன்ன இடத்திலேயே பாடங்கேட்டல் எளிதோ? நண்பர்கள் தடுத்தும் கேட்டாரில்லை. அவருடன் செல்லவிருந்த எலேன் அம்மையாரும் செவிலியர் பயிற்சி பெற்றார்.

இசை நிகழ்ச்சிகள் நடத்தியும், அறிந்தவர்தம் இல்லங்கட்குச் சென்று இரந்தும் பொருள் திரட்டினார். மருத்துவமனைக்கு வேண்டியன 70 பெட்டிகளில் நிறைந்தன. போர் மூளலாம் என ஐயுற்று, 2,000 மார்க்கைத் தாளாகவன்றிப் பொன்னாகவே எடுத்துக்கொண்டார். 1914இல் போரும் மூண்டது.

1913 மார்ச்சு 21ஆம் நாள் இருவரும் குன்ஸ்பாக் சிற்றூரினின்று புறப்பட்டனர். 1916இல் அன்னையார் இறந்தபோது, மகனார் ஆப்பிரிக்காவில் இருந்தார்.