சல்வீனியாவைத் தின்னும் வண்டு: கமக்காரர் அறிய வேண்டியவை

சல்வீனியா என்பது நீரின்மேல் மிதந்து வளரும் ஒரு பன்னத் தாவரமாகும். சில ஊர்களில் இது சல்பீனியா எனவும் வழங்கும். குளம், வாய்க்கால், வடிகால், பள்ள வயல் ஆகிய எவ்விடத்திலும் இது படர்ந்து பாய்விரித்தாற்போல் நீரை மூடிவிடும். வாய்க்கால் அடைபட்டால் கடைக்கோடி வயலுக்கு நீர் சேராது. வடிகால் அடைபட்டால் பள்ள வயலில் வெள்ளம் தேங்கிப் பயிர் அழுகும். குளம் மூடப்பட்டால் நீரினுள் ஒளியும் ஒட்சிசனும் குன்றி மீன்கள் மடியும். யானைக்கால் நோயைப் பரப்பும் ஒருவகை நுளம்பின் குடம்பிகளுக்கும் இது புகலிடமாகும்.

இக்களையைக் கையால் வாரிக் களைத்துப்போன கமக்காரர் பலர். ஆயினும் இதனை மட்டுமே தின்று அழிக்கும் ஒரு சிறு வண்டு நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் இருக்கின்றது. அதனை அறியாமல், களையோடு சேர்த்து வண்டையும் அழித்துவிடுவோர் உளர். அவ்வாறு செய்தால் களை மீண்டும் வரும். அதனைத் தடுக்கும் வண்டோ உடன் வராது. இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கம் அந்த வண்டை அறிமுகஞ் செய்து, அதனைக் காக்கும் முறையைக் கூறுவதேயாகும்.

களையின் இயல்பு

சல்வீனியாவின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் உண்டு. இரண்டு நீரின்மேல் மிதக்கும்; மூன்றாவது நார்நாராகப் பிரிந்து வேர்போல நீருக்குள் தொங்கும். இத்தாவரம் மலட்டுத் தன்மையது. இதன் வித்திகள் முளைப்பதில்லை. ஆனால் அரும்புள்ள ஒரு சிறு துண்டு அகப்பட்டாலும் அது தனிச்செடியாக வளரும். வெப்பமும் ஊட்டமும் உள்ள நீரில் ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்களில் இரு மடங்காகப் பெருகும். வாரத்துக்கொருமுறை இரட்டித்தால், இன்று விடுபட்ட ஒரு கடகம் களை பத்து வாரத்தில் ஆயிரம் கடகத்துக்கு மேலாகும். வாரி முடித்த குளம் அடுத்த போகத்தில் மீண்டும் மூடிக்கிடப்பதன் காரணம் இதுவே.

பொருத்தமான பகைவனைக் கண்டமை

இக்களை 1939 ஆம் ஆண்டில் தாவரவியல் ஆய்வுக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டது. 1954 ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 22,000 ஏக்கர் நெல்வயலிலும் 2,000 ஏக்கர் நீர்வழிகளிலும் அது பரவியிருந்தது. ஆள் வைத்து வாரியும் இரசாயனம் தெளித்தும் முற்றாக ஒழிக்க இயலவில்லை. 1970 களில் ஒருவகை வெட்டுக்கிளி கொண்டுவந்து விடப்பட்டது, அதுவும் பயனளிக்கவில்லை.

தொடக்க முயற்சிகள் பல நாடுகளில் தவறியமைக்கு ஒரு காரணம் உண்டு. இக்களையை வேறொரு சல்வீனியா இனமென நெடுங்காலம் கருதி, அதற்குரிய பூச்சிகளையே தேடினர். 1972 ஆம் ஆண்டில் இது தனியினம் எனப் பெயரிடப்பட்டது. 1978 ஆம் ஆண்டில் இதன் தாயகம் தென்கிழக்குப் பிறேசில் எனக் கண்டறியப்பட்டது. அங்கு இதனைத் தின்று வாழ்ந்த வண்டே சிர்ட்டோபேகஸ் சல்வீனியே ஆகும்.

1980 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மூன்டாரா ஏரியில் இவ்வண்டு விடப்பட்டது. அங்கு ஏறக்குறைய 200 ஹெக்டேயரை மூடியிருந்த களை அடுத்த ஆண்டிலேயே அழிந்தது. இந்தியாவில் பெங்களூரிலும் கேரளத்திலும் பின்னர் நற்பயன் கிடைத்தது. இலங்கையில் அவுஸ்திரேலியரின் துணையுடன் 1986 ஆம் ஆண்டில் விடப்பட்டது. பல நீர்நிலைகளில் களை குன்றியது. 1989 இல் வெளிவந்த பொருளாதார மதிப்பீடொன்று, இம்முயற்சியில் செலவிட்ட ஒவ்வொரு ரூபாவுக்கும் ஐம்பது ரூபாவுக்கு மேற்பட்ட நன்மை கிடைக்குமெனக் கணித்தது.

வண்டின் வாழ்க்கை

வளர்ந்த வண்டு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நீளமுடையது, எள்ளினும் சிறியது. நிறம் கறுப்பு, புதிதாக வெளிவந்தது கபில நிறமாயிருக்கும். முகம் முன்னோக்கி மூக்குப்போல் நீண்டிருக்கும். இலையின் அடியிலும் தொங்கும் நார்களிடையேயும் மறைந்து வாழும். வளர்ந்த வண்டு அரும்புகளைத் தின்னும். முட்டையிலிருந்து வெளிவரும் வெண்ணிறப் புழு தண்டினுள் துளைத்துச் செல்லும். அரும்பும் தண்டும் ஒருங்கே கெடுவதால் செடி கபில நிறமாகிச் சிதைந்து நீரில் அமிழும்.

இவ்வண்டு நெல்லையோ, மிளகாய், கத்தரி, வெங்காயம் முதலிய மரக்கறிப் பயிர்களையோ தாக்குமா எனக் கமக்காரர் ஐயுறுதல் இயல்பே. தாக்காது. பிற நாடுகளுக்குக் கொண்டுசெல்லுமுன் பல பயிர்களோடு வைத்துச் சோதித்தே இவ்வண்டு விடப்பட்டது. சல்வீனியாவில் மட்டுமே இதனால் வாழ்ந்து பெருக இயலும். அதே காரணத்தால் ஆற்றுவாழை எனப்படும் ஆகாயத்தாமரையையும் இது தொடாது. ஆற்றுவாழைக்கு வேறு வண்டினங்கள் உண்டு.

வண்டு இருப்பதை அறிதல்

களையை வாருமுன்னும் களைகொல்லி தெளிக்குமுன்னும் குளத்தின் பல பக்கங்களிலிருந்து செடிகளை எடுத்துப் பார்த்தல் வேண்டும். வண்டு உள்ள இடத்தில் நுனியரும்பு கறுத்திருக்கும். இளம் இலையில் சிறு துளைகள் காணப்படும். தண்டைப் பிளந்தால் துளைத்த வழியோ புழுவோ தெரியும். பசுமையான பரப்பின் நடுவே கபில நிறத் திட்டுகள் தோன்றி, நாளுக்கு நாள் விரிதலும் ஓர் அடையாளமாகும். அதனைச் செடிக்கு வந்த நோயென எண்ணி வாரி எறிதல் கூடாது. வண்டு வேலை செய்யும் இடம் அதுவே.

கமக்காரர் செய்ய வேண்டியவை

1. நெற்பயிர் நிற்கும் வயலில் வண்டை எதிர்பார்த்துக் காத்திருத்தல் ஆகாது. வண்டின் வேலைக்கு மாதங்கள் செல்லும். பயிர் அதுவரை பொறுக்காது. வயலிலும் வாய்க்காலிலும் உள்ள களையைக் கையால் வாரி, மழைநீர் மீண்டும் நீர்நிலைக்கு அடித்துச் செல்லாத மேட்டில் உலர்த்துக. உலர்ந்ததைக் கூட்டெருவுக்குப் பயன்படுத்தலாம்.

2. சிறு குட்டையில் கடைசித் துண்டுவரை எடுத்துவிட இயலுமாயின் முற்றாக எடுத்துவிடுக. அவ்வாறு இயலாத பெருங்குளத்தில் வண்டு காணப்பட்டால், துருசையும் நீரோடும் வழியையும் மட்டும் திறந்துவிட்டு, ஒதுக்கான ஒரு மூலையில் வண்டுள்ள செடிகளை விட்டுவைக்க வேண்டும். வண்டு பரவுவது அங்கிருந்தே.

3. அம்மூலையில் களைகொல்லியோ பூச்சிகொல்லியோ படலாகாது. வயலில் தெளித்த கருவிகளைக் குளத்தில் கழுவுதலும் கூடாது.

4. வயலுக்குப் பசளை இட்டபின் சில நாள்களுக்கு நீரை வடியவிடாது தடுத்துக்கொள்க. வடிகாலில் ஓடும் பசளை களைக்கே உணவாகும்.

5. வண்டுள்ள செடிகளை வேறு குளத்துக்கு எடுத்துச் செல்லுதல் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையுடனேயே நடத்தல் வேண்டும். ஈரச்சாக்கில் நிழலில் வைத்து, அன்றைக்கே களையுள்ள இடத்தில் இட வேண்டும். சல்வீனியா இல்லாத குளத்துக்கு ஒரு செடியையேனும் கொண்டுசெல்லலாகாது.

6. சில இடங்களில் செடிகள் ஊட்டமின்றி மஞ்சளித்திருக்கும். அத்தகைய செடியில் வண்டு விரைவாகப் பெருகாது. பாப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றுப் பகுதியில், வண்டு விட்ட சிறு இடத்துக்கு மட்டும் யூரியா இட்டபின்னரே வண்டு பெருகியது. இதனைக் கேட்டுக் குளத்தில் யூரியா வீசுதல் களையை வளர்ப்பதாகவே முடியும். உத்தியோகத்தரின் மேற்பார்வையின்றிச் செய்யற்க.

பொறுமையும் கவனமும்

வண்டு களையை அடியோடு ஒழிப்பதில்லை. கரையோரத்தில் சிறிதளவு களை எஞ்சும். அதில் வண்டும் எஞ்சும். பெருமழையில் இரண்டும் அள்ளுண்டு போனபின் களை முதலில் தழைக்கும், வண்டு பின்தொடரும். அவ்விடைவெளியில் மனந்தளர்ந்து குளம் முழுவதும் நஞ்சு தெளித்தால், பின்தொடர வண்டு இராது.

குளம் ஊருக்குப் பொதுவானது. ஒருவர் காக்கும் வண்டை இன்னொருவர் அழித்தால் இருவருக்கும் நட்டமே. ஆகையால் ஒவ்வொரு போகத்துக்கும் முன் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில், எப்பகுதியை வாருவது, எம்மூலையை வண்டுக்கு விடுவது என்பதைத் தீர்மானித்துக் கொள்ளுதல் வேண்டும். ஐயமுள்ளோர் சில செடிகளைப் பாத்திரமொன்றில் நீருடன் எடுத்து, தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டித் தெளிவு பெறுக.