நிர்வாக சேவைப் பரீட்சையும் தமிழ்ப் பயிற்சியும்

பட்டம் பெற்று ஊர் திரும்பும் பழைய மாணாக்கர் சிலர் ஆண்டுதோறும் என்னிடம் வந்து, “ஐயா, இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்குத் தோற்ற எண்ணியுள்ளேன், எந்தப் புத்தகத்தைப் படித்தல் வேண்டும்?” என்று வினவுவதுண்டு. இவ்வினாவைத் தமிழாசிரியனிடம் கேட்பானேன் என்று முன்னர் யான் எண்ணினேன். இன்று அவ்வாறு எண்ணுவதில்லை. அப்பரீட்சைக்கு வேண்டிய பயிற்சியிற் பெரும்பகுதி தாய்மொழி வகுப்பிலேயே தொடங்குகின்றது என்பது என் துணிபு. அதனை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இப்பரீட்சை வந்த வழியைச் சிறிது நோக்குவோம். அரசாங்க உத்தியோகங்களைச் செல்வாக்குடையோரின் சிபார்சினால் வழங்குதல் ஒருகாலத்தில் இங்கிலாந்திலும் வழக்கமாக இருந்தது. அதனை ஒழித்து, யாவருந் தோற்றத்தக்க திறந்த போட்டிப் பரீட்சையினால் ஆட்களைத் தெரிவு செய்தல் வேண்டுமென 1854ஆம் ஆண்டில் நோர்த்கோட், திரெவெலியன் என்னும் இருவர் அறிக்கை சமர்ப்பித்தனர். அக்கொள்கை குடியேற்ற நாடுகளுக்கும் பரவியது. திறந்த போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர், 1875ஆம் ஆண்டிற் சித்தியெய்திய பொன்னம்பலம் அருணாசலம் ஆவர். பதிவாளர் நாயகமாக விளங்கி, 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டை நடத்தி, அவர் எழுதிய அறிக்கை இன்றும் அறிஞராற் போற்றப்படுகின்றது. சேர்ந்த பரீட்சையை மாத்திரமன்றிச் செய்த வேலையையும் எழுத்துத் திறத்தினாலேயே அவர் சிறப்பித்தார் எனலாம்.

1963ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி சிவில் சேவை நீக்கப்பெற்று இலங்கை நிர்வாக சேவை அமைக்கப்பட்டது. அருணாசலம் காலத்தில் ஆங்கிலம் ஒன்றே அப்பரீட்சைக்குரிய வாயிலாக இருந்தது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கிற்று. 1987ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும் என வகுத்தது. இன்று ஒருவர் இப்பரீட்சையைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மூன்றனுள் ஒன்றில் எழுதலாம். நம் மாணாக்கருட் பலர் தமிழிலேயே எழுதுகின்றனர். ஆயினும், எழுதும் மொழிக்குப் பயிற்சி வேண்டுமென நினைப்பார் மிகச் சிலரே. “தமிழ்தானே” என்று இருந்துவிடுகின்றனர்.

நிற்க, போட்டிப் பரீட்சை என்னுஞ் சொல்லையே பலர் சரியாக உணர்வதில்லை. பாடசாலைப் பரீட்சைகளில் குறித்த புள்ளியை எட்டினால் சித்தி கிடைக்கும். அருகில் இருப்பவர் எத்தனை புள்ளி பெற்றாலும் நமக்கு அதனாற் குறைவில்லை. போட்டிப் பரீட்சையிலோ வெற்றிடங்களின் தொகையே எல்லையை வகுக்கும். ஐம்பது வெற்றிடங்கள் இருப்பின், நன்றாக எழுதிய ஐம்பத்தோராவது பரீட்சார்த்தியும் வெளியே நிற்பார். ஆகவே, யாவருக்கும் தெரிந்தவற்றை யாவரும் எழுதுவது போல எழுதினாற் போதாது. ஓரிரு புள்ளிகளே ஒருவருடைய வாழ்வைத் தீர்மானிக்கும். அவ்வோரிரு புள்ளிகள் பெரும்பாலும் மொழித் தெளிவினாலேயே கிடைக்கின்றன.

இத்தகைய பரீட்சைகளில் வழக்கமாக இடம்பெறுவன நுண்ணறிவு, பொது அறிவு, கிரகித்தல், சுருக்கம் எழுதுதல், கட்டுரை ஆகியன. எழுத்துப் பரீட்சையைத் தொடர்ந்து நேர்முகப் பரீட்சை நடைபெறும். பாடத்திட்டமும் வயதெல்லையும் தகைமைகளும் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆதலால், அயலவர் சொல்லையும் பழைய கைந்நூலையும் நம்பாது, உரிய வர்த்தமானி அறிவித்தலைத் தாமே வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தல் வேண்டும். அதனைச் சரியாக வாசித்து விளங்கிக்கொள்வதே முதலாவது கிரகித்தற் பயிற்சியெனக் கொள்க.

இனி, யான் செய்த பிழையொன்றைக் கூறுதல் கடமையாகும். பல ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் பயின்ற பட்டதாரி ஒருவர் போட்டிப் பரீட்சை ஒன்றுக்கு ஆயத்தஞ் செய்தார். ஊக்கம் மிக்கவர். அவருக்கு நாற்பது கட்டுரைகளை யானே எழுதிக் கொடுத்து மனனஞ் செய்யுமாறு பணித்தேன். அவரும் ஒரு சொல்லும் வழுவாது மனனஞ் செய்தார். பரீட்சை முடிந்த மாலையில் என் வீட்டுக்கு வந்து திண்ணையில் அமர்ந்து, “ஐயா, வறட்சிக் காலத்தில் குடிநீரை எவ்வாறு பங்கிடலாம் என்று கேட்டிருந்தார்கள், நான் தண்ணீரின் பெருமையை எழுதிவிட்டு வந்துவிட்டேன்” என்றார். கட்டுரை என்னுடையது, பிழையும் என்னுடையதே. அடுத்த முறை விண்ணப்பங் கோரப்பட்டபோது அவர் வயதெல்லையைக் கடந்திருந்தார். இன்று வேறொரு துறையில் நற்பெயருடன் விளங்குகின்றார். என்னை ஒருபோதும் நொந்துகொண்டதில்லை. ஆயினும், அன்றிலிருந்து எவருக்கும் யான் கட்டுரை எழுதிக் கொடுப்பதில்லை. சுருக்கம் எழுதவே முதலிற் பயிற்றுகின்றேன்.

சுருக்கத்தை ஏன் முதலில் வைத்தல் வேண்டும்? அதிற் சித்திபெற்றவனுக்கு ஏனையவை எளிதாதலினாலென்க. சுருக்குவதற்கு முன் கிரகித்தல் வேண்டும்; கிரகித்தபின் எது தலைமையானது, எது துணையானது என்று தெரிதல் வேண்டும்; தெரிந்ததைச் சொந்த நடையில் அளவாகச் சொல்லுதல் வேண்டும். கட்டுரைக்கும் நேர்முகத்துக்கும் வேண்டிய ஆற்றல்கள் இவையே அன்றோ?

பயிற்சிக்காக மனு ஒன்றை யானே அமைத்துத் தருகின்றேன்:

“எங்கள் கிராமத்திலுள்ள குளத்தின் கட்டு சென்ற மாரிமழையில் இரண்டு இடங்களில் உடைந்துவிட்டது, துருசும் பழுதடைந்தது. எங்கள் தந்தையரும் பாட்டன்மாரும் இக்குளத்தை நம்பியே வாழ்ந்தனர். அந்நாளில் ஊரவர் எல்லாரும் ஒன்றுகூடிக் கட்டைத் திருத்துவர்; இந்நாளில் அவ்வொற்றுமை இல்லை. 60 ஏக்கர் வயல் இக்குளத்து நீரால் விளைகின்றது. உடைப்பைக் குறித்து மூன்று மனுக்கள் அனுப்பினோம், அதிகாரிகள் வந்து பார்த்துச் சென்றனர், வேலை தொடங்கவில்லை. மண்ணும் உடலுழைப்பும் நாங்கள் தருவோம். எங்களால் இயலாதது துருசைப் புதுப்பிப்பது ஒன்றே. ஐப்பசி மழைக்கு முன் அது நிறைவேறாவிட்டால் இவ்வருடமும் காலபோகம் தவறிவிடும். ஏழைகளாகிய எங்கள்மீது இரக்கங் கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம்.”

இது 66 சொற்கள் கொண்டது. மூன்றிலொன்றாகச் சுருக்குக எனின், 22 சொற்கள் அளவில் எழுதுதல் வேண்டும். வகுப்பில் இதனைக் கொடுத்தால், பெரும்பாலோர் எழுதுவது இவ்வாறிருக்கும்:

“ஒரு கிராமத்தவர் தம் குளக்கட்டு உடைந்ததையும், முன்னோர் அதனை நம்பி வாழ்ந்ததையும், ஊரில் ஒற்றுமை குன்றியதையும், அதிகாரிகள் வேலை தொடங்காமையையும் கூறித் தம்மீது இரக்கங் காட்டும்படி வேண்டுகின்றனர்.”

இதிற் பொய்யான சொல் ஒன்றேனும் இல்லை, அளவும் மிகவில்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆயினும், இதனை வாசிக்கும் மேலதிகாரி யாது செய்வார்? இரங்குவார், இரங்கிக் கடதாசியைக் கோவையில் இடுவார். கிராமத்தவர் கேட்டது யாது, எந்நாளுக்கு முன் கேட்டனர், தாம் எதனைச் செய்ய முன்வந்தனர் என்னும் மூன்றும் இச்சுருக்கத்தில் இல்லை. துருசு என்னுஞ் சொல்லே காணாமற் போயிற்று. மனுவின் உணர்ச்சி நின்றது, பொருள் போயிற்று.

இனி, வேறொரு சுருக்கம் காண்க:

“60 ஏக்கர் வயலுக்குரிய குளத்தின் கட்டும் துருசும் பழுதடைந்துள்ளன. கிராமத்தவர் கட்டைத் தாமே திருத்துவர். துருசை மாத்திரம் ஐப்பசி மழைக்குமுன் புதுப்பிக்குமாறு நான்காம் முறையாகக் கேட்கின்றனர். தாமதித்தால் காலபோகம் தவறும்.”

இது சரியாக 22 சொற்கள். “நான்காம் முறையாக” என்பது மனுவில் எங்கும் அவ்வாறே எழுதப்படவில்லை. முன்னர் மூன்று மனுக்கள், இது ஒன்று, ஆக நான்கு என வாசித்தவர் கணக்கிட்டு அறிந்தது. ஐந்து சொற்களிற் கிடந்த செய்தி இரண்டு சொற்களில் அடங்கிற்று. அதிகாரிகள் வந்து பார்த்துச் சென்றமை விடப்பட்டது. வேலை நடவாமை அதனுள் அடங்கிவிட்டமையின் குறைவில்லை. பாட்டன்மாரின் கதை விடப்பட்டது. அது மனிதருக்கு உரியதாயினும் முடிவுக்கு வேண்டியதன்று.

இதிலிருந்து நான்கு விதிகளைப் பெறலாம். முதலாவது, பேனாவை எடுக்குமுன் பகுதியை இருமுறை வாசித்து, “இவர் கேட்பது யாது?” அல்லது “இவர் நிறுவ விரும்புவது யாது?” என்னும் வினாவுக்கு ஒரே வாக்கியத்தில் விடை கூறிப் பார்க்க. இரண்டாவது, எண், காலம், நிபந்தனை ஆகிய மூன்றையுங் கீழ்க்கோடிடுக; பெரும்பாலும் உயிர்நிலை அவற்றிலேயே இருக்கும். மூன்றாவது, உமது அபிப்பிராயத்தைச் சேர்க்கற்க. நான்காவது, மூலத்தின் சொற்களைப் பிய்த்துப் பொருத்தாது, மூலத்தை மூடிவைத்துச் சொந்த நடையில் எழுதி, பின்னர் திறந்து ஒப்புநோக்குக.

இப்பயிற்சி பரீட்சை மண்டபத்துடன் முடிவதன்று. 1992ஆம் ஆண்டின் சட்டத்தினால், முன்னர் கச்சேரியில் அரசாங்க அதிபரிடம் இருந்த அதிகாரங்கள் பல பிரதேச செயலாளரிடம் ஒப்படைக்கப்பட்டன. காணி, ஓய்வூதியம், நிவாரணம் என மக்கள் கொண்டுவரும் கடதாசிகள் யாவும் இன்று அம்மேசையைத் தேடியே வருகின்றன. எழுதத் தெரியாத முதியவள் பிறர் கையால் எழுதுவித்த மனுவில், அவள் வேண்டுவது ஏழாம் வரியில் எங்கோ மறைந்து கிடக்கும். அதனைக் கண்டெடுக்குங் கண் உத்தியோகத்தருக்கு இல்லையாயின், அவள் மீண்டும் பஸ் ஏறி வருதல் வேண்டும். பரீட்சகர் நம்மிடம் சோதிப்பது அந்தக் கண்ணையே.

ஏனைய பாடங்கள் பற்றியுஞ் சில சொல்லுவேன். கட்டுரைக்குக் கிடைக்கும் நேரத்தில் ஆறிலொரு பங்கை வினாவை ஆராய்ந்து குறிப்பெடுத்தற்கு ஒதுக்குக. “ஆராய்க”, “விளக்குக”, “ஒப்பிடுக” என்பன வெவ்வேறு கட்டளைகள் என்பதை மறவற்க. பொது அறிவுக்குத் துணுக்குகளை மனனஞ் செய்வதைவிட நாட்டின் அமைப்பைத் தொடர்புபட அறிதல் நன்று. ஒன்பது மாகாணங்கள், இருபத்தைந்து மாவட்டங்கள் என எண்ணிக்கையைச் சொல்லுவதோடு நில்லாது, மாகாண சபைக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் உள்ள வேறுபாடு யாது, வீதி பழுதானால் எவரிடம் முறையிடுதல் வேண்டும் என்று விளங்கிக்கொள்க. நுண்ணறிவு வினாக்களிற் பழக்கமே வேகந் தரும். 2, 6, 12, 20 என்னுந் தொடரில் அடுத்தது யாதெனின், வித்தியாசங்களை நோக்குக: 4, 6, 8, ஆகவே அடுத்த வித்தியாசம் 10, விடை 30. ஒரு வினாவில் மனம் சிக்கிக்கொண்டால் அதனை விட்டு அடுத்ததற்குச் செல்லும் துணிவும் பயிற்சியினால் வருவதே.

நாள்தோறும் இரண்டு மணித்தியாலம் போதும்; ஆயின், அது தவறாதிருத்தல் வேண்டும். காலையிற் பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தை மூன்றிலொன்றாகச் சுருக்குக. மாலையில் நுண்ணறிவு வினாக்களைக் கடிகாரத்தை முன்வைத்துச் செய்க. வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதுக. மூவர் ஒன்றுசேர்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துதல் மிகவும் பயனுடைத்து. தம் பிழை தமக்குத் தெரியாது. பிறர் பிழை உடனே தெரியும். அதனைக் கண்டபின் தம்முடையதும் தெரியத் தொடங்கும்.

சித்தியெய்தாதோர்க்கும் ஒரு சொல். தொகை குறித்த வாயிலிற் பலர் வெளியே நிற்பது இயல்பு. அது அறிவின்மைக்குச் சான்றன்று. தெளிவாக வாசித்து எழுதக் கற்றவனுக்கு அப்பயிற்சி எத்தொழிலிலும் உதவும்.

இறுதியாக, இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உங்களுள் அரசாங்க சேவையில் இருப்போரும் இளைப்பாறியோரும் பலர். நாள்தோறும் மனுக்களை வாசித்துக் குறிப்பெழுதிப் பழகிய கைகள் உங்களுடையவை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கல்லூரிக்கு வந்து, இளைஞர் எழுதிய சுருக்கங்களைச் சிவப்பு மையினால் திருத்தித் தருவீர்களாயின், யான் எழுதிக் கொடுத்த நாற்பது கட்டுரைகளினும் அது மேலான உதவியாகும். மாணாக்கர் ஆயத்தமாக உள்ளனர். கடதாசியும் மையும் யான் தருவேன். எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.