மனித உரிமையும் மாநகராட்சியும்

இளங்கலை வகுப்பில் கட்டுரை வரைதல் பயிற்சிக்காக ‘மனித உரிமைகள்’ என்னும் தலைப்பைக் கரும்பலகையில் எழுதியபோது, பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, இஃது ஐக்கிய நாடுகள் அவையும் தில்லியும் பேச வேண்டிய செய்தி. குப்பை அள்ளவும் குழாய் பதிக்கவும் இருக்கும் நகராட்சிக்கு இதில் என்ன வேலை?” என்றார். வகுப்பு சிரித்தது. அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அதனால் எழுந்ததே இக்கட்டுரை.

உலக மனித உரிமைப் பறைசாற்றம் 1948 டிசம்பர் 10ஆம் நாள் ஏற்கப்பட்டது. முப்பது பிரிவுகள் கொண்டது. ஏற்று வாக்களித்தவை நாடுகளே, நகரங்கள் அல்ல. எனினும் அப்பிரிவுகள் கூறும் உறைவிடம், கல்வி, மருத்துவம், அச்சமற்ற நடமாட்டம் ஆகியவற்றுள் எதனை எடுத்துக்கொண்டாலும், அது கிட்டுவதும் மறுக்கப்படுவதும் ஏதேனும் ஒரு தெருவில்தான். உரிமை பறிபோனவன் முதலில் தட்டும் கதவும் பெரும்பாலும் அந்த ஊரின் அலுவலகக் கதவே. இதனை உணர்ந்த நகரங்கள் சில, நாட்டரசின் ஆணைக்குக் காத்திராமல் தமக்குள் கைகோத்த வரலாறு அறியத்தக்கது.

தூண்களும் திட்டமும்

செருமனியின் நியூரம்பர்க் நகரப் பெயரைக் கேட்டதும் வரலாறு பயின்றோர்க்கு இரண்டு நினைவுகள் எழும். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த இனச் சட்டங்கள் 1935இல் அங்கேதான் அறிவிக்கப்பெற்றன. நாசித் தலைவர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றதும் (1945–46) அங்கேதான். அந்நகரில் 1993ஆம் ஆண்டு ‘மனித உரிமைத் தெரு’ ஒன்று திறக்கப்பட்டது. இசுரேலியச் சிற்பி டானி கரவன் அமைத்தது. இருபத்தேழு வெண்தூண்கள், நிலத்தில் பதித்த இரு வட்டத் தகடுகள், ஓர் ஓக் மரம் என முப்பது. ஒவ்வொன்றும் பறைசாற்றத்தின் ஒரு பிரிவைக் குறிக்கும். செருமன் மொழியோடு ஒவ்வொரு தூணிலும் வேறொரு மொழியும் இடம்பெறுகிறது. 1995 முதல் மனித உரிமைக்கெனப் பன்னாட்டு விருதொன்றையும் அந்நகரம் வழங்கி வருகிறது.

தூண் நடுவதும் விருது தருவதும் நல்லனவே. ஆனால், வாடகைக்கு வீடு கேட்டுப் போன துருக்கியக் குடும்பத்தை வீட்டுக்காரர் தோற்றம் பார்த்துத் திருப்பியனுப்பினால் தூண் என்ன செய்யும்? தனிநகரம் ஒன்றால் இதற்கு எளிதில் விடைகாண இயலாது. யுனெசுகோவின் முயற்சியால் 2004 டிசம்பரில் இதே நியூரம்பர்க்கில் இனவெறிக்கு எதிரான ஐரோப்பிய நகரங்களின் கூட்டணி தோன்றியது. அதில் இன்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நகராட்சிகள் உள்ளன. சேரும் நகரம் பத்து அம்சத் திட்டம் ஒன்றை ஏற்க வேண்டும். இனவெறி நிகழ்வுகளைக் கண்காணித்தல், பாதிக்கப்பட்டோர்க்குத் துணைநிற்றல், வீடு பெறுவதில் பாகுபாடு நீக்கல், வேலை வழங்குவோர் என்ற முறையில் நகராட்சியே தன் ஆள்சேர்ப்பில் நேர்மை காத்தல் என அத்திட்டம் விரியும். செய்தவற்றை அவ்வப்போது கூட்டணிக்கு அறிக்கையாக அளிக்கவும் வேண்டும். தண்டிக்கும் அதிகாரம் கூட்டணிக்கு இல்லை. ஆயினும் பக்கத்து நகரத்தார் படிக்கப் போகும் அறிக்கையில் வெற்றுத்தாளை வைக்க எந்த மேயருக்கும் கூச்சம் இருக்கும். சட்டத்தின் அச்சம் இல்லாதவிடத்துச் சுற்றத்தாரின் பார்வை வேலை செய்வதை நம் ஊர்ப் பெரியோர் நன்கறிவர்.

இதற்கு முன்னோடியாக அமைந்தது, பிரான்சின் சான் தெனி நகரில் 2000 மே 18ஆம் நாள் ஏற்கப்பட்ட நகர மனித உரிமைப் பட்டயம். நாட்டுரிமை எதுவாயினும் நகரில் வாழ்வோர் அனைவர்க்கும் உரிமை உண்டு என்பது இதன் அடிப்படை. ஈராண்டு குடியிருந்த அயல்நாட்டவர்க்கும் நகர்மன்றத் தேர்தலில் வாக்குரிமை விரிவடைய வேண்டும் என்று அது வேண்டுகிறது. ஒப்பமிட்ட நகரங்கள் இக்கொள்கைகளைத் தத்தம் உள்ளூர் விதிகளில் சேர்க்கவும் உடன்பட்டன. பட்டயம் ஏட்டில் உறங்குவதும் விழிப்பதும் இந்த உடன்பாட்டைப் பொறுத்ததே என்பது என் கருத்து.

எல்லையும் தடையும்

நாட்டரசு செய்யாததை நகரம் செய்யலாமா என்ற வினாவிற்கு அமெரிக்கா இருவேறு விடைகள் தருகிறது. மகளிர்க்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் அந்நாடு 1980இல் கையொப்பமிட்டும் இன்றளவும் அதனை உறுதிசெய்யவில்லை. சான்பிரான்சிசுகோ நகரமோ அதன் கொள்கைகளை 1998இல் தன் சொந்த விதியாக ஆக்கிக்கொண்டது. பின்னர் நகரத் துறைகள் தம் பணிகளைப் பெண்கள் நோக்கில் ஆராய்ந்தன. தெருவிளக்குகளுக்கு இடையிலுள்ள தொலைவுகூடப் பெண்ணின் பாதுகாப்பைச் சார்ந்தது என்பது அவ்வாய்வில் பொதுப்பணித் துறைக்குப் புலனாயிற்று. மின்கம்பம் நடும் பொறியாளரும் மனித உரிமைப் பணியாளரே என்று என் மாணவருக்கு அன்றே சொல்லியிருக்கலாம். பிற நகரங்களையும் இவ்வழிக்கு அழைக்கும் இயக்கம் 2014இல் தொடங்கியது.

மற்றொரு விடை கசப்பானது. மியன்மாரின் படையாட்சியோடு வணிகம் செய்யும் நிறுவனங்களிடம் மாநில அரசு பொருள் வாங்குவதைத் தடுக்க, மாசசூசெட்சு மாநிலம் 1996இல் சட்டம் இயற்றியது. மியன்மார் குறித்து நாட்டரசு இயற்றிய சட்டத்தோடு அது முரண்படுகிறது எனக் கூறி, 2000ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அதனை ஒருமனதாக வீழ்த்தியது. எனவே, தன் தெருவிலும் தன் ஒப்பந்தத்திலும் நகரம் உரிமை காக்கலாம். அயல்நாட்டைத் திருத்தப் புறப்பட்டால் தலைநகரம் கையைப் பிடிக்கும்.

குவாங்ஜூ

நாட்டரசே உரிமையைப் பறித்தால் ஊராட்சி என் செய்யும்? இவ்வினாவைத் தென்கொரியாவின் குவாங்ஜூவைப் போல் வேறெந்நகரமும் இவ்வளவு கடுமையாக எதிர்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. 1980 மே 18 முதல் 27 வரை, படைத்தலைவர் சுன் டூ-ஹ்வானின் இராணுவச் சட்டத்தை எதிர்த்து அங்கு மாணவரும் மக்களும் எழுந்தனர். படை சில நாள் நகரைவிட்டு விலகியிருந்தபோது மக்களே ஊரை நடத்தினர். சோற்றுருண்டை பிடித்து ஒருவர்க்கொருவர் வழங்கினர். காயமுற்றோர்க்குக் குருதி அளிக்க வரிசையில் நின்றனர். 27ஆம் நாள் விடியுமுன் படை மீண்டும் புகுந்தது. அந்நாள்களைக் கருவாகக் கொண்டு நாவல் எழுதிய ஹான் காங் 2024இல் நோபல் பரிசு பெற்றதை இலக்கிய மாணாக்கர் அறிவர்.

மனித உரிமைக்கெனத் தனி விதியையும் அலுவலகத்தையும் அமைத்துக்கொண்ட அம்மாநகரம், 2011 முதல் உலக மனித உரிமை நகரங்களின் கூட்டத்தைக் கூட்டி வருகிறது. 2014ஆம் ஆண்டுக் கூட்டம் மனித உரிமை நகரங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வகுத்தது. சான் தெனிப் பட்டயம் ஏற்கப்பட்ட மே 18, குவாங்ஜூ எழுச்சியின் இருபதாம் ஆண்டு நாளாகவும் அமைந்தது தற்செயலே.

இவற்றையெல்லாம்விட என் நெஞ்சில் தங்கியது ஒரு பழைய கட்டடம். நகர நடுவிலுள்ள ஜொனில் கட்டடத்தை 2016இல் நகர நிர்வாகம் தடய அறிவியல் ஆய்வுக்கு உட்படுத்தியது. மேல்தளத்தில் துப்பாக்கிக் குண்டுகளின் தழும்புகள் காணப்பட்டன. அவை வானிலிருந்து, ஹெலிகாப்டரிலிருந்து சுட்டவையாகலாம் என்று 2017இல் ஆய்வாளர் கூறினர். வானிலிருந்து சுடவே இல்லை என்று சுன் டூ-ஹ்வான் மறுத்து வந்த காலம் அது. 2018இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் விசாரணைக் குழுவே வான்வழிச் சூட்டை ஒப்புக்கொண்டது. அதனைக் கண்ணுற்றதாகக் கூறிய மறைந்த பாதிரியாரை நூலில் இழிவுபடுத்திய குற்றத்திற்காக, 2020 நவம்பரில் குவாங்ஜூ நீதிமன்றம் சுன்னுக்கு எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்து அதனை நிறுத்தி வைத்தது. அவ்வாண்டு மே மாதம் அக்கட்டடம் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டிருந்தது. அதன் பெயரோடு இப்போது 245 என்ற எண்ணும் சேர்ந்துள்ளது. அதில் எண்ணப்பட்ட குண்டுத் தழும்புகளின் தொகை அது.