ஆடும் பற்களில் பாலம் கட்டலாமா?



“ஏழை நோயாளி ஒருவருக்குப் புதுப்பல் கட்ட எவ்வளவு ஆகும்? அந்தத் தொகையை நாங்கள் அனுப்புகிறோம்” என்று உங்களில் சிலர் அன்போடு கேட்பதுண்டு. கேட்டவுடன் ஒரு தொகையைச் சொல்லிவிட எங்களால் முடிவதில்லை. அதன் காரணத்தையே இம்முறை பாடமாக எழுதுகிறேன்.

இழந்த பல்லின் இருபக்கமும் உள்ள பற்களைச் சிறிது ராவி, உறை போட்டு, நடுவே செயற்கைப் பல்லை இணைத்து, சிமெண்டால் ஒட்டுவதைப் பல் பாலம் என்கிறோம். பல் செட்டைப் போல் இதைக் கழற்ற முடியாது. பாரமெல்லாம் இருபக்கப் பற்களின் வேர்களில் இறங்கும். அந்த வேர்களைப் பிடித்திருக்கும் எலும்பே கரைந்துபோயிருந்தால்? முற்றிய ஈறு நோயில் நடப்பது இதுதான். பல்லில் படியும் கிருமிப் படலம் இறுகிக் காரையாகிறது. ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போல் பள்ளம் விழுகிறது. உள்ளே எலும்பு குறைகிறது. பெரும்பாலும் வலி இருப்பதில்லை. புகையிலைப் பழக்கமுள்ளவர்களுக்கும், சர்க்கரை நோய் கட்டுப்படாதவர்களுக்கும் இது வேகமாக முற்றும்.

நம்பத்தகாதவனைச் சாலொமோன் உடைந்த பல்லுக்கு ஒப்பிடுகிறார் (நீதிமொழிகள் 25:19). ஆடும் பல்லையும் பல் மருத்துவர்கள் நெடுங்காலம் அப்படித்தான் பார்த்தார்கள். தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பு, இழந்த பற்களின் வேர்ப்பரப்பைவிடக் குறையக் கூடாது என்பது 1926இல் ஆன்டே என்பவர் வகுத்த விதி. நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அதன்படி பார்த்தால் ஈறு நோய் முற்றியவர்களில் பலருக்குப் பாலம் கிடையாது.

சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க்கில் நைமன், லிண்டே என்ற இரு மருத்துவர்கள் இதைச் சோதித்தார்கள். 1979இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 251 நோயாளிகள், 332 பாலங்கள். எல்லோரும் எலும்பைப் பெருமளவு இழந்தவர்கள். 5 முதல் 8 ஆண்டுகள் கவனித்த பின்னும், தாங்கும் பற்களைச் சுற்றி எலும்பு மேலும் குறையவில்லை. பழுதானவை 26 பாலங்கள். உறை கழன்றது, பாலம் முறிந்தது, தாங்கும் பல் உடைந்தது ஆகியவையே காரணம். ஈறு நோய் காரணமல்ல.

பந்தல் போட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். ஆழமில்லாத குழியில் நட்ட ஒற்றைக் கால், தொட்டால் ஆடும். நாலு பக்கமும் கால் நட்டுக் குறுக்குக் கழிகளால் கட்டிவிட்டால் அதே கால் நிற்கும். தாடையின் வளைவைச் சுற்றிப் பரவலாக நிற்கும் சில பற்களை ஒரே பாலத்தால் பிணைத்தாலும் அப்படியே. ஆனால் காலடியில் கறையான் இருந்தால் எந்தக் கட்டும் நிற்காது. ஆகவே முதலில் காரையைச் சுரண்டி, வேரைச் சுத்தம் செய்து, தேவையானால் ஈறில் அறுவைச் சிகிச்சை செய்து, காப்பாற்ற முடியாத பற்களை எடுத்துவிட்டு, பின் சில மாதம் பொறுத்திருந்து பார்க்கவேண்டும். நோயாளியின் கைக்கு நன்றாகத் துலக்கும் பழக்கம் வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும். வராவிட்டால் பாலம் கட்டாமலிருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

கட்டியபின்? சுவீடன் நோயாளிகள் 3 முதல் 6 மாதத்திற்கு ஒருமுறை திரும்ப அழைக்கப்பட்டார்கள், அதுவும் ஆண்டுக்கணக்கில். வெற்றியின் பெரும்பங்கு இதில்தான். பாலத்தின் ஒரு முனை கழன்றாலும் மறுமுனை பிடித்திருப்பதால் நோயாளிக்குத் தெரியாது. உள்ளே பல் சொத்தையாகிக்கொண்டிருக்கும். இப்போது எலும்பில் பொருத்தும் டைட்டானியம் வேர்கள் வந்துவிட்டன. ஈறு நோய் கண்ட வாயில் அவற்றைச் சுற்றியும் புண் வரக்கூடும். அங்கும் இதே கவனிப்பு வேண்டும்.

தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் வேலையை விட்டு, பஸ் ஏறி, வலியே இல்லாத பல்லைக் காட்ட வரவேண்டும். வராதவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. புதுப்பல்லுடன் சிரிக்கும் முகத்தை இம்மடலில் அச்சிடலாம்; காரை சுரண்டுவதைப் படமெடுத்துப் போட்டால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்! ஆனாலும் கேட்கிறேன். பல் பாலத்துக்கென்று காணிக்கை அனுப்புகிறவர்கள், அதில் ஒரு பகுதியைப் பின்வரும் ஆண்டுகளின் பரிசோதனைக்கும், பஸ் கட்டணத்துக்கும், பல் இடுக்கைத் துலக்கும் சிறு பிரஷ்களுக்கும் செலவிட அனுமதி தாருங்கள். காணிக்கையோடு வரும் குறிப்பில் “பராமரிப்புக்கும்” என்று ஒரு சொல் எழுதினால் போதும்.