நீளும் எலும்பு, மெலியும் எலும்பு



அமினோ அமிலங்கள் புரதத்தின் அலகுகள் என்று பாடநூல் கூறுவது உண்மையே. ஆனால் அவற்றுள் ஒன்று உடலில் உருமாறும் வழி அடைபட்டாலும் எலும்பின் வளர்ச்சி நெறி தவறிவிடும் என்பதை ஹோமோசிஸ்டினூரியா என்னும் பரம்பரை நோய் காட்டுகிறது. வட அயர்லாந்தில் மனவளர்ச்சி குன்றியோரின் சிறுநீரைச் சோதித்த ஆய்வாளர்கள் கார்சன், நீல் ஆகியோர் 1962இல் இந்நோயை முதன்முதலில் விவரித்தனர். குறைபாடு எந்த நொதியில் உள்ளது என்பது 1964இல் தெளிவாயிற்று.

உணவுப் புரதத்திலிருந்து கிடைக்கும் மெத்தியோனைன், உயிரணுவுக்குள் ஹோமோசிஸ்டீனாக மாறுகிறது. அதன் ஒரு பகுதி மீண்டும் மெத்தியோனைனாக மாற, மற்றொரு பகுதியைச் சிஸ்டதயோனின் பீட்டா சிந்தேஸ் என்னும் நொதி, பி6 வைட்டமினின் துணையோடு, சிஸ்டீனை நோக்கிச் செலுத்துகிறது. அந்நொதிக்குரிய மரபணு 21ஆம் குரோமோசோமில் உள்ளது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற படியையே பெற்ற குழந்தைக்கு இவ்வழி அடைபடுவதால், லிட்டருக்கு ஏறத்தாழ 15 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டிய ஹோமோசிஸ்டீன் 100ஐயும் கடந்து இரத்தத்தில் தேங்குகிறது.

எலும்புக்கு உறுதி தருவது கால்சியம் மட்டுமன்று. கால்சியம் படிவதற்கு இடமளிக்கும் கொலாஜன் இழைகள், கூடையின் பிரம்புகளைப் போல ஒன்றையொன்று பற்றி நிற்க வேண்டும். அப்பிடிப்புக்குக் குறுக்குப் பிணைப்பு என்று பெயர். மிகுந்த ஹோமோசிஸ்டீன் அப்பிணைப்பைத் தடுப்பதோடு, ஃபைப்ரில்லின் என்னும் மற்றோர் இழைப்புரதத்தின் அமைப்பையும் குலைக்கிறது. நீள எலும்புகளின் வளர்ச்சியை மட்டுப்படுத்துவதில் ஃபைப்ரில்லினுக்குப் பங்குண்டு என்பதால், கை கால்கள் அளவுமீறி நீள்கின்றன. முதுகெலும்போ சிறு வயதிலேயே புரையோடி வளைகிறது. குழந்தையின் உயரத்தைக் கண்டு பெற்றோர் மகிழ்வது இயல்பு. ஆயினும் உயரம் வேறு, உறுதி வேறு. விழிவில்லை கீழ்நோக்கி நழுவிக் கிட்டப்பார்வை கூடுவதும் அதைத் தாங்கும் இழைகளின் தளர்ச்சியாலேயே நேர்கிறது. ஆனால் மிகுந்த ஹோமோசிஸ்டீனால் இரத்தக்குழாயின் உட்சுவர் உயிரணுக்கள் பழுதுற்று இரத்தம் உறைவதே உயிருக்கு ஆபத்தானது.

நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பி6 பயனளிக்கிறது. ஏனையோருக்கு மெத்தியோனைன் குறைந்த உணவும் பீட்டெயின் என்னும் மருந்தும் தேவைப்படுகின்றன. பிறந்த சில வாரங்களுக்குள் மருத்துவம் தொடங்கி இடைவிடாது தொடர்ந்தவர்களிடம் இக்கேடுகள் பெரும்பாலும் தோன்றுவதில்லை. எனவே, வயதுக்கு மீறிய உயரமும் கடுமையான கிட்டப்பார்வையும் ஒருசேரக் கொண்ட சிறுவர் எவரையேனும் நீ காண நேர்ந்தால், இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவைப் பார்க்கும்படி அவர்தம் பெற்றோரிடம் தயங்காமல் எடுத்துச் சொல்.