நைட்ரஸ் ட்யூனிங்: நம்ம ஊர் வெயிலுக்கு ஏற்ற முறை

இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில், போர் முடிந்த பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் கார், பைக் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்ததும் பந்தயம் அங்கே போனது. இதே வட்டாரத்தில்தான், 1998இல் திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் உற்பத்தி தொடங்கியது. அந்த 1.5 லிட்டர் பெட்ரோல் லான்சரைத் தேடிப்பிடித்து வேகம் ஏற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சுமார் 85 குதிரைத்திறன் உள்ள அந்த எஞ்சினை நைட்ரஸ் கிட்டால் ட்யூன் செய்யும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். மற்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்களுக்கும் வரிசை இதுவே.

நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியாது. அதன் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். எஞ்சினுக்குள் சுமார் 300 டிகிரி செல்சியஸில் அது பிரிந்து, கூடுதல் பெட்ரோல் எரிய ஆக்சிஜன் தருகிறது. திரவமாகப் பாய்ந்து ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கிறது. போர்க்காலத்தில் ஜெர்மன் விமானப் படை உயரத்தில் பறக்கும் விமானங்களுக்கு ஜிஎம்-1 என்ற பெயரில் இதே உத்தியைப் பயன்படுத்தியது.

வெளிநாட்டுக் கையேடுகள் நைட்ரஸ் பாட்டிலைச் சூடாக்க ஹீட்டர் வாங்கச் சொல்கின்றன. கும்மிடிப்பூண்டி வெயிலில் நம் பிரச்சினை நேர் எதிர். நம்ம ஊரில் ட்யூனிங் என்பது முதலில் பாட்டில் பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதுதான். ஜெட் (நைட்ரஸ், பெட்ரோல் பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை), டைமிங் எல்லாம் அதற்குப் பிறகு.

முதல் படி: எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

சாலையில் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லாரிகள் இரவு பகலாக ஓடும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் நைட்ரஸ் பட்டனைத் தொடுவது, எதிரே வருபவரின் உயிரைக் கேட்காமலே பணயம் வைப்பது. தடத்துக்கு என்றே ஒரு காரை ஒதுக்கி, டிரெய்லரில் கொண்டுபோங்கள். நீங்கள் கலந்துகொள்ளும் போட்டிப் பிரிவில் நைட்ரஸுக்கு அனுமதி உண்டா என்று விதிப் புத்தகத்தைப் பார்த்த பிறகே கிட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

பாட்டிலும் சட்டத்துக்கு உட்பட்டது. 2016ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகளின்படி, உரிமம் பெற்ற இடத்தில் மட்டுமே நிரப்ப வேண்டும். ஆஸ்பத்திரி சிலிண்டரிலிருந்து மாற்றி நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இரண்டாம் படி: எஞ்சின் தாங்குமா?

நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் எஞ்சின் வேலை. ஹெட் கேஸ்கட், ரேடியேட்டர், கிளட்ச், பெட்ரோல் பம்ப் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். உள்ளே கம்பெனி பிஸ்டன் என்றால் 25 முதல் 35 குதிரைத்திறன் கூட்டும் ஜெட்டோடு தொடங்குங்கள். இந்த அளவு எஞ்சினுக்கு அதுவே பெரிய மாற்றம்.

மூன்றாம் படி: பொருத்துதல்

நைட்ரஸோடு பெட்ரோலையும் சேர்த்துத் தெளிக்கும் ‘வெட்’ கிட் வாங்குங்கள். கூடுதல் பெட்ரோலைத் தானே கொண்டுவருவதால் கலவையைச் சரிசெய்வது எளிது. பாட்டிலை டிக்கியில் படுக்கவைக்கும்போது வால்வு காரின் முன்பக்கம் பார்க்க வேண்டும்; லேபிள் மேலே இருக்க வேண்டும்; வால்வுப் பக்கம் சற்று உயர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் குழாய் திரவத்தில் மூழ்கியிருக்கும். பிராக்கெட்டுக்குத் தகடு சன்னமாக வேண்டாம். காக்களூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கனமான தகட்டில் செய்து, பாடியில் போல்ட் போட்டு இறுக்குங்கள். சேஃப்டி டிஸ்க் வெடித்தால் வாயு வெளியே போக, காருக்கு வெளியே ஒரு குழாய் விடுங்கள். இணைப்புகளில் கசிவைச் சோப்பு நுரையால் பாருங்கள். நைட்ரஸ் இணைப்பில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது.

வயரிங்கில் நான்கு காவல் தேவை: மாஸ்டர் ஸ்விட்ச், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் மட்டும் இயங்கும் ஸ்விட்ச், 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழும், ரெவ் லிமிட்டருக்கு 500 முன்பிருந்தும் நைட்ரஸை நிறுத்தும் விண்டோ ஸ்விட்ச், பெட்ரோல் பிரஷர் விழுந்தால் நைட்ரஸை அறுக்கும் ஸ்விட்ச். இதில் ஒன்றைக்கூட மிச்சம் பிடிக்காதீர்கள்.

நான்காம் படி: பாட்டில் பிரஷர்

கிட்டுடன் வரும் ஜெட் அட்டவணை பொதுவாக 900 முதல் 950 பிஎஸ்ஐ பாட்டில் பிரஷரை வைத்துக் கணக்கிட்டது. பாட்டில் 20 டிகிரியில் இருந்தால் சுமார் 735 பிஎஸ்ஐ, 25 டிகிரியில் 820, 30 டிகிரியில் 915. மூடிய டிக்கி மதிய வெயிலில் 36 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். 36.4 டிகிரிதான் நைட்ரஸின் எல்லை. அங்கே பிரஷர் சுமார் 1,050. அதற்கு மேல் பாட்டிலில் திரவம் என்று ஒன்று கிடையாது. ஜெட்டில் போகும் அளவை நம்பவே முடியாது.

எல்லைக்குக் கீழேயும் ஆபத்து உண்டு. நைட்ரஸ் பிரஷர் ஏறும்போது பெட்ரோல் பிரஷர் ஏறுவதில்லை. காலை 820இல் சரியாகப் பொருத்திய ஜெட், மதியம் 1,000இல் நைட்ரஸை அதிகமாகவும் பெட்ரோலைப் பழைய அளவிலும் அனுப்பும். கலவை லீனாகி (பெட்ரோல் பற்றாமல்), நாக்கிங் வந்து, பிஸ்டன் உருகும்.

ஆகவே பாட்டிலுக்கு ஒரு பிரஷர் கேஜ் கட்டாயம். ஓட்டும் நேரம் வரை பாட்டிலை நிழலில் வைத்து ஈரச் சாக்கு சுற்றுங்கள். ஓட்டத்தைக் காலையில் வையுங்கள். நிரப்பும்போது எடை போட்டுப் பாருங்கள். குறித்த எடைக்கு மேல் நிரப்பிய பாட்டிலில் வெயில் ஏற ஏறப் பிரஷர் தாறுமாறாக எகிறும். பாட்டிலை நெருப்பால் சூடாக்குவது எந்த ஊரிலும் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பாட்டில் குளிர்ந்து பிரஷர் இறங்கும். மறுபடி 900 தொடும் வரை காத்திருங்கள்.

ஐந்தாம் படி: பெட்ரோல், பிளக், டைமிங்

உயர் ஆக்டேன் பெட்ரோல் ஊற்றுங்கள்; இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த எக்ஸ்பி 100 போன்றது நல்லது. பிளக்கை ஒரு படி குளிர்ந்த ரகத்துக்கு மாற்றி, இடைவெளியை 0.8 முதல் 0.9 மில்லிமீட்டர் வையுங்கள். நைட்ரஸ் ஓடும்போது இக்னிஷன் டைமிங்கை 2 டிகிரி பின்தள்ளுங்கள்.

ஆறாம் படி: டைனோவில் ட்யூனிங்

டைனோவில், அதாவது குதிரைத்திறனை அளக்கும் கருவியில், முதலில் நைட்ரஸ் இல்லாமல் ஒரு ஓட்டம். அதுவே அடிப்படைக் கணக்கு. பிறகு சின்ன நைட்ரஸ் ஜெட், அட்டவணை சொல்வதைவிட ஒரு படி பெரிய பெட்ரோல் ஜெட். வைட்பேண்ட் மீட்டரில் காற்று–பெட்ரோல் விகிதம் 11.8 முதல் 12.2க்குள் நிற்க வேண்டும். 11.5க்குக் கீழே என்றால் பெட்ரோல் ஜெட்டை ஒரே ஒரு படி குறையுங்கள். 12.5ஐத் தாண்டினால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்; பெட்ரோல் பிரஷரைப் பார்த்துவிட்டுப் பெரிய பெட்ரோல் ஜெட் போடுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும், முழு ஆக்சிலரேட்டரில் இருந்தபடியே எஞ்சினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பீங்கான் சுத்த வெள்ளையாகி, அதில் அலுமினியத் துகள் பொடிப்பொடியாக மின்னினால் அது பிஸ்டனிலிருந்து வந்தது. அன்றைய வேலை அங்கேயே முடிந்தது.

கடைசிப் படி: நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: நேரம், பாட்டில் பிரஷர், பெட்ரோல் பிரஷர், இரண்டு ஜெட், டைமிங், கலவை விகிதம், குதிரைத்திறன். இதில் பாட்டில் பிரஷர் இல்லாத வரியை அடித்துவிடலாம். நண்பர் ஒருவர் தன் ஜெட் அளவைச் சொல்லி அதையே போடச் சொன்னால், எத்தனை பிஎஸ்ஐயில் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த ஜெட் உங்கள் காருக்கு வேண்டாம்.